முன்பே பார்த்தது

கெண்ட் ரிட்ஜ் மேட்டில் குளிரூட்டிய சின்ன அறை.
தாடையைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் கிண்ணம்.
ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து வெள்ளி.
'அசையாதீங்க ஆன்ட்டி' என்றாள்
ஆய்வு மாணவி ஹுய் ஷியான்.

முகம் வரும். மூன்று விநாடி. போகும்.
முடி இல்லை, காது இல்லை, கழுத்து இல்லை,
முட்டையாக வெட்டிய வெறும் முகங்கள்.
பிறகு அவற்றையே புதுசுகளோடு கலைத்துப் போடுவார்கள்.
இடப் பொத்தான்: முன்பே பார்த்தது.
வலப் பொத்தான்: புதியது.

நான் வந்தது வெள்ளிக்காக இல்லை.
தஞ்சோங் பகாரில், கப்பல் கம்பெனிக் கணக்குப் பிரிவில்
பதினோரு வருடமாக மிஸஸ் குவா என்னை
நளாயினி என்றுதான் கூப்பிடுகிறார்.
நளாயினி என்னைவிட ஒரு சாண் உயரம்.
கண்ணாடி போடுவாள். சிரித்தால் ஈறு தெரியும்.
நான் கோமதி.
முதல் இரண்டு வருடம் திருத்தினேன்,
அப்புறம் அந்தப் பெயருக்கும் திரும்பப் பழகிவிட்டேன்.
ஒருமுறை அவள் விடுப்பில் இருந்த நாளில்
அவளுடைய பிறந்தநாள் கேக்கை நானே வெட்டினேன்,
மெழுகுவத்தியையும் ஊதியாயிற்று.
அன்னாசிக் கேக். சுமார்தான்.

ஆகவே எனக்கு ஒரு தாள் வேண்டியிருந்தது,
எண்கள் போட்டு, பல்கலைக்கழக முத்திரையோடு:
இவள் எல்லாரையும் பார்க்கிறாள் என்று.

தாள் வந்தது.
சீன முகங்கள், இருபதுக்குப் பதினெட்டு.
வராமல் என்ன? வகுப்பில் நாற்பதில் முப்பத்தாறு அவர்கள்.
யார் கிள்ளுவாள், யார் அழிப்பான் கடன் தருவாள் என்று
முகம் படிக்காமல் எப்படித் தப்பிப்பது?
மலாய் முகங்கள், பதினாறு.
இந்திய முகங்களில்
பெண்கள் பத்துக்கு ஒன்பது.
ஆண்கள் நான்கு.

காசு சுண்டியிருந்தாலே ஐந்து வந்திருக்கும்.

ஹுய் ஷியான் திரையைத் திருப்பிக் காட்டினாள்.
என் கண் போன வழியெல்லாம் சிவப்புப் புள்ளிகள்.
சீனப் பெண்ணின் இரு கண் நடுவே கொத்தாக.
மலாய்க்காரர் மூக்கில், உதட்டோரம்.
அந்தக் கறுத்த இளைஞனுக்கு
நெற்றியில் ஒன்று, அவ்வளவுதான்.
மிச்சமெல்லாம் முகத்துக்கு வெளியே
சாம்பல் நிற வெற்றிடத்தில் கிடந்தன,
அங்கே ஏதோ எழுதியிருப்பதுபோல.

'கருவி பிசகியிருக்கும்' என்றேன்.
'இருக்கலாம்' என்றாள், மரியாதைக்கு.

கருவி பிசகவில்லை.
ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில்
நான் நடக்கும் நடை எனக்குத் தெரியாதா?
கைப்பை வயிற்றோடு, கண் கடைப் பலகைகளோடு.
சிவப்பு விளக்கில் பக்கத்தில் நிற்கும் லாரியில்
இருபது பேர் உட்கார்ந்திருந்தால்
நான் விளக்கைப் பார்ப்பேன்.

புக்கிட் பாத்தோக். என் புளோக்கின் கீழே
மின்தூக்கிக்கு நிற்கிறேன்.
'அக்கா, இன்னைக்குப் பை கிழியலையா?'
ஆரஞ்சு மேல்சட்டை. கையில் துடைப்பம்.
'போன வாரம் உருளைக்கிழங்கு ஓடுச்சே.
பொறுக்கிக் குடுத்தேனே.'

உருளைக்கிழங்கு ஞாபகம் இருந்தது,
ஒன்று சாக்கடைக் கம்பியில் சிக்கியதுகூட.
நீட்டிய கையுறை ஞாபகம் இருந்தது.
அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

பேர் கேட்டேன். அடைக்கலம்.
பொன்னமராவதிப் பக்கமாம்.
இடப் புருவத்தைப் பிளக்கும் ஒரு தழும்பு.
மூன்று விநாடி, நான்கு, ஐந்து,
எண்ணிக்கொண்டே பார்த்தேன்.
அவர்தான் கூசிப்போய்த் தரையைப் பார்த்தார்.

மறுநாள் காலை, குப்பைத் தொட்டி அருகே
ஆரஞ்சு மேல்சட்டை. எனக்கு ஒரே உற்சாகம்.
'அடைக்கலம், சாப்பிட்டாச்சா?'

திரும்பினார்.
புருவம் முழுசாக இருந்தது.

ஒரு கணம் என்னைப் பார்த்தார்.
பிறகு, 'ம், ஆச்சுக்கா' என்று சிரித்தார்.

கேக் வெட்டும்போது என் முகமும்
இப்படித்தான் இருந்திருக்கும்.